கொம்பனித்தெருவில் 14 மாதங்கள்



கொழும்பு கோட்டையில் இருந்து காலிப் பக்கம் போகும் ரெயிலில் ஏறினால், உட்கார இடம் தேடுவதற்குள் ஒரு சின்ன ஸ்டேஷன் வந்துவிடும். தமிழில் கொம்பனித்தெரு. சிங்களத்தில் கொம்பஞ்ஞ வீதிய. இரண்டும் ஒன்றுதான், ஒல்லாந்தருடைய கொம்பனியின் தெரு. ஆனால் ஆங்கிலத்தில் இந்த இடத்துக்கு நெடுங்காலமாக வேறு பெயர். ஸ்லேவ் ஐலண்ட், அதாவது அடிமைத் தீவு. தமிழரும் சிங்களவரும் எசமானைச் சொல்லி அந்த இடத்தைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆங்கிலேயர் அடிமையைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு பெயரிலும் அங்கே உண்மையில் குடியிருந்து பிள்ளை பெற்று மையித்தாகிப் போன சனங்களின் பெயர் இல்லை.

அந்தச் சனங்களைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன். கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் உள்ளவர்கள் வாசியுங்கள்.

1990 ஒக்டோபர் 30, செவ்வாய்க்கிழமை, யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவில் இருந்து நாங்கள் வெளியேற்றப்பட்ட கதை இதை வாசிக்கும் பெரும்பாலானோருக்குத் தெரியும். ஜின்னா மைதானத்துக்குக் கூப்பிட்டது, 2 மணி நேரம் தந்தது, வழியில் சோதனை போட்டுக் கையில் காதில் இருந்ததைக் கழற்றியது எல்லாம் நம் வீடுகளில் பேசித் தீராத கதை. தில்லையடியிலும் கற்பிட்டியிலும் ஓலைக் கொட்டில்களில் கழிந்த வருடங்களைப் பற்றியும் நம்மவர் நிறைய எழுதியிருக்கிறார்கள். கொழும்பு காக்கைதீவு முகாமைப் பற்றிக்கூட ஒன்றிரண்டு பதிவுகள் வந்தன. முகாமுக்கும் போகாமல், கொழும்பின் நெருக்கமான சந்துகளில் சொந்தக்காரரை நம்பி ஒதுங்கிய குடும்பங்களின் கதைதான் எங்கும் பதிவாகவில்லை. எந்த இடாப்பிலும் நாங்கள் இல்லை. வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

எங்கள் குடும்பம் அப்படிப்பட்டது. எனக்கு அப்போது 15 வயது.

வாப்பாவுடைய சாச்சாவின் மகன் ஒருவர் கொம்பனித்தெருவில், மலே வீதியில் இருந்து உள்ளே போகும் ஒரு தோட்டத்தில் இருந்தார். தோட்டம் என்றதும் எனக்கு வந்த எண்ணம் திருநெல்வேலிப் பக்கத்து வெங்காயத் தோட்டம். கொழும்பில் தோட்டம் என்றால் ஒரு வாசலுக்குள் இரண்டு பக்கமும் வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும் சின்னச் சின்ன வீடுகள் என்று போய்ச் சேர்ந்த இரவுதான் விளங்கியது. சாச்சா வீட்டின் மேல்பகுதியில் பலகை அடித்த ஓர் அறை. ஏணி மாதிரி ஒரு படி. அதில் நாங்கள் 7 பேர்.

"ஒரு கிழமை, கூடினா ரெண்டு கிழமை" என்றார் வாப்பா. சண்டை நின்றுவிடும், திரும்பிப் போய்விடலாம் என்று அவர் மட்டுமல்ல, எல்லாரும் நம்பிய காலம். சாச்சி ஒரு பழைய சட்டியும் இரண்டு பீங்கானும் தந்தார். மூன்றாம் மாதம் அந்தச் சட்டி ஒழுகத் தொடங்கியபோது வாப்பா புதிதாக ஒன்று வாங்கப் போனார். உம்மா விடவில்லை. "போற ஆக்களுக்கு எதுக்குப் புதுச் சட்டி?" என்றார். ஒழுகின இடத்தைச் சவர்க்காரம் வைத்து அடைத்து அடைத்தே இன்னும் கொஞ்ச நாள் சமைத்தோம். புதுச் சட்டி வாங்கினால் திரும்பிப் போகமாட்டோம் என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று உம்மாவுக்கு ஒரு பயம் இருந்திருக்க வேண்டும். அப்போது அது எனக்கு விளங்கவில்லை. வெறும் சிக்கனம் என்று நினைத்தேன்.

தோட்டத்துக்கு ஒரே ஒரு பைப். விடியற்காலை நாலரைக்கே வாளிகள் வரிசைக்கு வந்துவிடும். ஆள் நிற்கத் தேவையில்லை, வாளி நின்றால் போதும் என்பது அங்கத்தைய சட்டம். அந்தச் சட்டத்தை யாராவது மீறினால் தமிழ், சிங்களம், மலாய் மூன்றிலும் ஏச்சு விழும். மேடையில் ஏறி இன ஒற்றுமை பேசுகிறவர்கள் கொம்பனித்தெருவை உதாரணம் காட்டுவார்கள். பள்ளிவாசல் இருக்கிறது, கியூ வீதியில் முருகன் கோயில் இருக்கிறது, சேர்ச் இருக்கிறது, பக்கத்தில் கங்காராம விகாரை இருக்கிறது என்று அடுக்குவார்கள். எல்லாம் உண்மை. ஆனால் நான் அங்கே பார்த்தது அன்பினால் மட்டும் வந்த ஒற்றுமை அல்ல. ஒரே பைப்பில் தண்ணீர் பிடிக்கிறவர்கள் எவ்வளவு சண்டை பிடித்தாலும் நாளைக்கும் அதே பைப்புக்குத்தான் வர வேண்டும். அதனால் சண்டைக்கும் ஓர் அளவு வைத்திருந்தார்கள்.

மொழி எனக்குப் பெரிய குழப்பம். முதல் கிழமையில் கீழ்வீட்டுச் சின்னப் பெடியன் ஒருவன் "தாத்தா கூப்பிடுறா" என்றான். வீட்டுக்குள் போய் வயதான ஆம்பிளை ஒருவரைத் தேடினேன். நின்றது 20 வயதுப் பெண். கொழும்புச் சோனகர் அக்காவைத் தாத்தா என்பார்கள் என்பது எனக்கெப்படித் தெரியும்? எங்கள் பக்கம் ராத்தா, லாத்தா. அடுத்த வீட்டுச் சிங்களப் பிள்ளைக்குத் தாத்தா என்றால் தகப்பன். ஒரே தோட்டத்தில் ஒரே சொல்லுக்கு அக்கா, அப்பா, பாட்டன் என்று மூன்று ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

எங்கள் ஏணிப்படிக்கு நேர் எதிரே ஒரு மலாய்க் குடும்பம். அந்த வீட்டு மூதாட்டியை எல்லாரும் "நேனே" என்று கூப்பிடுவார்கள். மலாயில் பாட்டி என்று அர்த்தம். நேனே காலையில் பிட்டும் பாபத்தும் விற்றார். பாபத் என்றால் மாட்டுக் குடல் கறி. பிட்டு எங்களுக்குத் தெரிந்த சாமான்தான். யாழ்ப்பாணத்தான் பிட்டைக் கண்டால் ஊரைக் கண்ட மாதிரி. ஆனால் மீன் குழம்பும் சம்பலும் இல்லாமல் குடல் கறியோடு பிட்டைத் தின்பதா என்று முதல் நாள் முகத்தைச் சுழித்தேன். ஒரு மாதத்தில் நேனேயின் சட்டியடி வழிக்கிற ஆள் நானாகிவிட்டேன்.

நேனே கதைத்த மலாயைக் கேட்டபோது எனக்கு ஒரு விசயம் பிடிபட்டது. சொற்கள் விளங்கவில்லை, ஆனால் வசனம் போகிற போக்கு விளங்கியது. சோற்றுக்கு நாசி, சாப்பிடுவதற்கு மக்கான். மலேசியாவில் "மக்கான் நாசி" என்பார்கள், வினை முன்னால் வரும். நேனேக்கு வினை கடைசியில்தான் வரும், நாம் "சோறு சாப்பிடு" என்கிற மாதிரி. வேற்றுமை உருபும் சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். இலங்கை மலாய் தமிழோடும் சிங்களத்தோடும் தலைமுறை தலைமுறையாகப் புழங்கி இப்படி மாறியது என்று மொழியியலாளர்கள் நிறைய எழுதியிருப்பதைப் பிற்காலத்தில் வாசித்தேன். சொல் கொடுக்கல் வாங்கலும் இரு பக்கமும் நடந்திருக்கிறது. நாம் கட்டுகிற சாரம் மலாய்ச் சொல். பெருநாளைக்குக் கிண்டுகிற தொதலும் மலாய்தான். அவர்கள் பெருமைப்படுகிற வட்டலப்பமோ தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறது.

"எங்கட மூத்த ஆக்கள் ரைபிள்" என்று நேனே ஒரு நாள் சொன்னார். ரைபிள் என்பது ஆளா, துவக்கா என்று எனக்கு விளங்கவில்லை. பக்கத்தில் ரைபிள் வீதி என்று ஒரு வீதி இருந்தது. ஜாவா ஒழுங்கை இருந்தது. மலே வீதி இருந்தது. மியூஸ் வீதி இருந்தது, மியூஸ் என்றால் குதிரை லாயங்கள் இருக்கும் ஒழுங்கை. இந்தப் பெயர்ப் பலகைகளைச் சேர்த்து வாசித்தால் ஒரு படைமுகாமின் வரைபடம் கிடைக்கும் என்பதை அந்த வயதில் எனக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. இப்போது வரலாறு படிப்பிக்கிறவன் என்ற முறையில் அதைக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் பாடப்புத்தகத்தில் மலாயருக்கு ஒரு பந்திக்கு மேல் கிடைப்பதில்லை.

முதலில் அடிமைகள். கொழும்புக் கோட்டையிலும் ஒல்லாந்தர் வீடுகளிலும் வேலை செய்த அடிமைகளை, அவர்களில் ஆபிரிக்காவில் இருந்து கொண்டுவரப்பட்டோரும் இருந்தனர், இரவானதும் பெய்ரா வாவி சூழ்ந்த இந்த நிலத்துக்குக் கொண்டுவந்து அடைப்பார்கள். தப்பி நீந்தாமல் இருக்க வாவியில் முதலைகள் விடப்பட்டிருந்தன என்று வாய்வழிக் கதை சொல்லும். 1796இல் கொழும்பு ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1844இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. பெயர் மட்டும் போகவில்லை.

அடுத்து மலாயர். ஒல்லாந்தர் பத்தாவியாவில் இருந்து, அதாவது இன்றைய ஜகார்த்தாவில் இருந்து, தங்களுக்கு எதிராகக் கிளம்பிய ஜாவா அரச குடும்பத்தவரை நாடுகடத்தி இங்கே கொண்டுவந்தார்கள். கூலிக்குச் சிப்பாய்களையும் கொண்டுவந்தார்கள். ஆங்கிலேயரும் அந்தச் சிப்பாய்களை விடவில்லை. மலாய்ப் படை என்று வைத்துக்கொண்டார்கள், அதுவே பிறகு சிலோன் ரைபிள் படையாக ஆனது. நேனே சொன்ன ரைபிள் இதுதான். கொம்பனித்தெரு அவர்களின் பாளயம். 1873இல் அந்தப் படை கலைக்கப்பட்டது. திரும்பிப் போக அவர்களுக்கு ஊர் ஏது? பாட்டன் காலத்தில் கப்பலேறி வந்தவர்கள். பொலிஸில் சேர்ந்தார்கள், தீயணைப்புப் படையில் சேர்ந்தார்கள், மலைநாட்டுத் தோட்டங்களுக்கு உத்தியோகம் பார்க்கப் போனார்கள். மிச்சப் பேர் பாளயம் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டார்கள்.

வெக்கந்தைப் பள்ளிவாசல் 1786இல் எழுந்தது, ஒல்லாந்தர் காலத்திலேயே. அதற்கு நிலம் கொடுத்தவர் பண்டான் பாலி என்ற ஜாவாக்காரர். நாடற்று வந்த ஒருவர் முதலில் வாங்கி வக்பு செய்தது தொழுவதற்கு ஓர் இடம். இதை நினைக்கும்போதெல்லாம் தில்லையடியில் நம்மவர் வீடு கட்ட முன்னமே ஓலைப் பள்ளி கட்டியது என் மனதில் வரும்.

இன்னொன்று. 1869இல் கொழும்பில் இருந்து பாபா உனூஸ் சல்தீன் என்பவர் "ஆலமத் லங்காபுரி" என்று மலாய்ப் பத்திரிகை ஒன்றை வெளியிட்டார். மலாய் மொழி, அரபு எழுத்து. நம் மூத்தம்மாமார் வைத்திருந்த அரபுத்தமிழ்க் கிதாபுகளைப் போல. சித்தி லெப்பை "முஸ்லிம் நேசன்" தொடங்கியது 1882இல், அதாவது இதற்கு 13 வருடம் கழித்து. இலங்கை முஸ்லிம் பத்திரிகை வரலாறு பேசும்போது நாம் "முஸ்லிம் நேசன்" இல் தொடங்குவோம். தமிழில் தொடங்கினால் அது சரி, முஸ்லிம்களில் தொடங்கினால் சல்தீனைச் சொல்லாமல் விடக்கூடாது. அதே மலாயர்தான் 1872இல் கிரிக்கெட் கழகம் அமைத்து, கொம்பனித்தெரு ரைபிள் திடலில் விளையாடினார்கள். சாஹிராவை உருவாக்கியெடுத்த அதிபர் டி.பி. ஜாயா மலாயர். கொம்பனித்தெருவில் ஒரு மாவத்தைக்கு நீதியரசர் அக்பரின் பெயர் இருக்கிறது. அவரும் மலாயர், பல்கலைக்கழகம் கண்டிப் பக்கம் போக வேண்டும் என்று வாதாடியவர்களில் ஒருவர். பேராதனையில் அக்பர் விடுதியில் தங்கிப் படிக்கும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்த அக்பர் யாரென்று தெரியும்? முகலாயச் சக்கரவர்த்தி என்று சொன்ன பிள்ளையும் உண்டு.

சோனகரும் கொழும்பில் நிலையாக இருக்கவிடப்பட்டவர்கள் அல்லர். ஒல்லாந்தர் நம்மை வெளிநாட்டார் என்று எழுதி வைத்து, இருப்பதற்கு விலையாக "ஊழியம்" கேட்டார்கள். அந்தத் தமிழ்ச் சொல்லே அவர்களின் ஆவணங்களில் இருக்கிறது. கோட்டையிலும் புறக்கோட்டையிலும் சோனகர் வீடு வளவு சொந்தமாக வைத்திருக்கத் தடை. அந்தத் தடை 1832இல்தான் நீங்கியது. சம்மான்கோட்டுப் பள்ளியும் புறக்கோட்டைக் கடைத்தெருவும் நமக்கு ஆதியிலிருந்தே சொந்தம் என்கிற மாதிரி நாம் பேசுகிறோம். அப்படியல்ல.

அடிமை, நாடுகடத்தப்பட்டவர், கூலிச் சிப்பாய், ஊழியம் செலுத்திய வியாபாரி, பிறகு எங்களைப் போல உடுத்த உடுப்போடு வந்தவர்கள். கொம்பனித்தெருவுக்கு யாருமே நிரந்தரமாக இருக்க என்று வரவில்லை. கொஞ்ச நாளைக்கு என்று வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் சேர்ந்த இடம் அது. எங்களை அங்கே யாரும் "நீங்க எப்ப போவீங்க?" என்று கேட்காததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பாடசாலைதான் பெரிய பிரச்சினை. நான் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டிய வயது. நாங்கள் முதலில் போன பாடசாலையில், பெயர் வேண்டாம், விடுகைப் பத்திரம் கேட்டார்கள். விடுகைப் பத்திரம் தர வேண்டிய பாடசாலை யாழ்ப்பாணத்தில். அங்கே அதிபரும் இல்லை, ஆசிரியரும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. வாப்பா இதைச் சொன்னார். லிகிதர் கேட்டுவிட்டு, "அப்படியெண்டா ஒரு கடிதம் எடுத்துக்கொண்டு வாங்க" என்றார். யாரிடம் இருந்து என்று சொல்லவில்லை. வாப்பா அன்று வீட்டுக்கு வரும்வரை ஒரு சொல் பேசவில்லை. பிறகு வேறொரு பாடசாலையில், பத்திரம் எதுவும் கேட்காமல் என்னைக் கணக்குச் செய்யச் சொல்லிப் பார்த்துவிட்டு எடுத்தார்கள்.

அதுவரை இரண்டு மாதம் நான் வாப்பாவோடு போனேன். யாழ்ப்பாணத்தில் சொந்தத் தையல் கடை வைத்திருந்தவர், யூனியன் பிளேஸ் பக்கத்தில் ஒரு கடையில் துண்டுக் கணக்குக்குத் தைத்தார். நான் காஜா எடுத்தேன், பட்டன் தைத்தேன். சொந்தக் கடையில் வாப்பா தைக்கும்போது பாட்டு முணுமுணுப்பார். அங்கே முணுமுணுக்கவில்லை. இவ்வளவுதான் அதைப்பற்றி எழுத முடியும்.

பின்னேரங்களில் பெடியன்களோடு சுற்றுவேன். ரியோ தியேட்டருக்குப் பக்கத்தில் அதே முதலாளியின் ஹோட்டல் கட்டடம் எரிந்த கோலத்தில் நின்றது. 1983 ஜூலையில் எரித்தது. ஒரு தமிழ்க் குடும்பத்தின் சொத்து. ஜன்னல் இருந்த இடமெல்லாம் கறுப்பாக ஓட்டை. அந்த வயதில் எனக்கு நெஞ்சு நிறைய ஆத்திரம் இருந்தது, யார் மீது என்று சொல்லத் தேவையில்லை. எங்களை விரட்டியவர்கள் பேசிய மொழி எங்கள் மொழிதான். அந்தக் கட்டடத்தைப் பார்த்து என் கோபம் குறைந்தது என்று எழுதினால் அது பொய். ஆனால் அது என்னைக் குழப்பியது. எரித்தவர்கள் வேறு, எரிக்கப்பட்டவர்கள் வேறு, விரட்டப்பட்ட நாங்கள் வேறு என்று பிரித்து வைத்திருந்த கணக்கு அந்தச் சுவருக்கு முன்னால் சரிவரவில்லை. இப்போதும் வகுப்பில் 1983ஐயும் 1990ஐயும் ஒரே பாடவேளையில் படிப்பிக்கும்போது எனக்கு அந்த ஜன்னல் ஓட்டைகள்தான் தெரியும்.

1991 மார்ச் 2ஆம் திகதி ஹெவ்லொக் வீதியில் குண்டு வெடித்து அமைச்சர் ரஞ்சன் விஜேரத்ன கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு கொழும்பில் தமிழ் பேசுகிற ஆட்களுக்கு இரவு என்பது சோதனை நேரமாக மாறியது. இரண்டு மூன்று நாள் கழித்து எங்கள் தோட்டத்தையும் சுற்றி வளைத்தார்கள். வீடு வீடாகப் பெயர் எழுதினார்கள். கொப்பியோடு வந்த பொலிஸ்காரர் வாப்பாவிடம் பிறந்த இடம் கேட்டார். யாழ்ப்பாணம் என்றார் வாப்பா. பேனை நின்றது. எங்களை முஸ்லிம் என்று சொன்னாலும், முஸ்லிம் பெயரில் யாரும் வரலாம் என்ற சந்தேகம். வாப்பாவின் சிங்களம் அப்போது பத்துச் சொல். அந்தப் பத்திலும் யாழ்ப்பாண இழுவை. லொறியில் ஏறச் சொன்னார்கள்.

எதிர்வீட்டில் நேனேயின் மருமகன் இருந்தார். ஓய்வுபெற்ற பொலிஸ் சார்ஜன்ட். சாரமும் பெனியனுமாக இறங்கி வந்து, அந்தப் பொலிஸ்காரரிடம் தன்னை யாரென்று சொல்லிவிட்டு, எங்களைக் கையால் காட்டி, "மே அபே மினிஸ்சு" என்றார். இவர்கள் எங்கட ஆக்கள். எங்களைத் தெரிந்து அவருக்கு நாலு மாதம்கூட ஆகவில்லை. எனக்குத் தெரிந்து வாப்பாவோடு அவர் அதுவரை கதைத்தது சலாம் மட்டுந்தான். பொலிஸ்காரர் கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். சார்ஜன்ட் மறுபடி ஏறிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் வாப்பா நன்றி சொல்லப் போனபோது, "நேத்து ராவு நித்திரை கெட்டுப் போச்சு" என்று மட்டும் சொன்னாராம்.

அந்த மார்ச் நடுப்பகுதியில் நோன்பு பிடிபட்டது. ஊருக்கு வெளியே எங்களுக்கு முதல் நோன்பு. வெக்கந்தைப் பள்ளியில் கஞ்சி வாங்கும் வரிசையில் நான் வாளியோடு நிற்க வெட்கப்பட்டுப் பின்னால் பின்னால் போவேன். கஞ்சி ஊற்றுகிற நானா ஒருவர் கூட்டத்துக்கு மேலால் "யாழ்ப்பாணம் எங்க? முன்னுக்கு வா" என்று கத்துவார். ஆளைப் பார்த்துக் கூப்பிடும் பெயராக ஊரின் பெயர் ஆகிவிட்டிருந்தது. அப்போது கூச்சமாக இருந்தது. இப்போது அந்தக் குரலை ஒரு தடவை கேட்க முடியுமானால் நல்லது.

பரீட்சைக்கு அறையில் படிக்க முடியாது. 7 பேரும் ஒரு பல்பும். நடந்து போகும் தூரத்தில் கொழும்புப் பொது நூலகம் இருப்பதைப் பாடசாலையில் ஒரு ஆசிரியை சொன்னார். சனிக்கிழமைகளில் காலையில் போய்ப் பூட்டும்வரை இருப்பேன். யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்தபோது நான் சின்னப் பிள்ளை. எரிந்த நூலகத்தின் ஊரில் இருந்து வந்தவனுக்கு ஓர் அலுமாரி முழுக்கத் தமிழ்ப் புத்தகம் என்பதே அதிசயம். மலாயர் என்ற சொல்லை முதன்முதலாக அச்சில் பார்த்தது அங்கேதான்.

1991 டிசம்பரில் பரீட்சை எழுதினேன். 1992 ஜனவரியில் புத்தளத்துக்கு வந்துவிட்டோம். அங்கே பெரியப்பா ஒரு துண்டுக் காணி பிடித்திருந்தார். கொம்பனித்தெருவில் இருந்து புறப்பட்ட அன்று நேனே ஒரு பெட்டியில் தொதல் தந்தார். உம்மா அவருக்கு எதைக் கொடுப்பது என்று தெரியாமல், கடைசியில் வாங்கியிருந்த புதுச் சட்டியைக் கழுவிக் கொடுத்துவிட்டு வந்தார்.

இனி நான் எழுத நினைத்த மற்றப் பகுதி.

2010 மே மாதம் மியூஸ் வீதியில் இருந்த வீடுகளைப் படையினரும் பொலிஸாரும் நிற்க, பெக்கோ வைத்து இடித்தார்கள். யுத்தம் முடிந்து சரியாக ஒரு வருடம். நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டதும் அந்த வருடந்தான். பிறகு வந்த வருடங்களில் ஜாவா ஒழுங்கைப் பக்கம் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் எழும்பின. மாடிவீடு கட்டித் தருவோம், முடியும்வரை வாடகைக்கு இருங்கள், வாடகைப் பணம் தருவோம் என்றார்கள். கொஞ்ச நாளைக்கு என்று போனவர்கள் வருடக்கணக்காக வாடகை வீடுகளில் காத்திருந்தார்கள். எழும்பச் சொன்னபோது அந்த இடத்துக்கு வைத்த பெயர் சேரி. 1786இல் பள்ளி கட்டியவர்களின் இடம் சேரியாம். மாடிவீடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரே பைப்பில் தண்ணீர் பிடித்தவனுக்கு வீட்டுக்குள் குழாய் எவ்வளவு பெரிய நிஃமத் என்பது தெரியும். பல குடும்பங்கள் அதை விரும்பியும் போயின. ஆனால் கேட்டுவிட்டு எழுப்புவதும் எழுப்பிவிட்டுக் கேட்பதும் ஒன்றல்ல.

சில மாதங்களுக்கு முன் மகனோடு போயிருந்தேன். சாய்ந்து நிற்கும் அல்டெயர் கட்டடத்தை அவன் படம் பிடித்தான். நான் எங்கள் தோட்டத்தின் வாசலைத் தேடினேன். டி சொய்சா கட்டடம் இல்லை. காஸில் ஹோட்டல் இல்லை. அடையாளம் வைத்திருந்த ஒவ்வொன்றும் இல்லாததால் வாசல் எங்கே இருந்திருக்கும் என்று கணக்குப் பார்க்கவும் முடியவில்லை. தகரம் அடைத்த ஒரு வேலிக்கு முன்னால் நின்று "இங்கதான் என்று நினைக்கிறேன்" என்றேன். மகன் தகரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. வெக்கந்தையில் அஸர் தொழுதோம். ஹவுளுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவரிடம் நேனேயின் குடும்பத்தை விசாரித்தேன். தெமட்டகொடைப் பக்கம் மாடிவீட்டுக்குப் போனதாகக் கேள்வி, எந்தத் தொடர் என்று தெரியாது என்றார்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்கு உறுதி இருக்கிறது. கூரை இல்லாவிட்டாலும் அத்திவாரம் இருக்கிறது, போய்க் காட்டலாம். நாங்கள் 14 மாதம் உயிரோடு இருந்த இடத்துக்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை, ஒரு கல்லும் இல்லை. நம்மவரில் மருதானையில், மாளிகாவத்தையில், கிராண்ட்பாஸில், நீர்கொழும்புப் பெரியமுல்லையில், பாணந்துறையில் இப்படி ஒதுங்கிய குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன. அப்போது எங்களுக்கு இடம் கொடுத்தவர்களும் வயதாகி ஒவ்வொருவராக மௌத்தாகிறார்கள்.

அதனால் ஒரு வேலை தொடங்கியிருக்கிறேன். 1990 நவம்பருக்கும் 1992 முடிவுக்கும் இடையில் முகாம்களுக்கு வெளியே, வீடுகளில் ஒதுங்கியிருந்த வடபுலத்துக் குடும்பங்களின் விபரத்தை ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். எந்த வீதி, வீட்டு இலக்கம் நினைவிருந்தால் அது, யார் வீடு, எத்தனை பேர், எத்தனை மாதம், பிள்ளைகள் எந்தப் பாடசாலைக்குப் போனார்கள். இதுவரை 11 குடும்பங்கள் சேர்ந்திருக்கின்றன. பழைய பாடசாலை அனுமதிக் கடிதம், வாடகை ரசீது, பெருநாள் படம் எதுவாக இருந்தாலும் ஒரு பிரதி போதும், மூலம் உங்களிடமே இருக்கட்டும். யாருடைய பெயரையும் கேட்காமல் வெளியில் போடமாட்டேன்.

மலே வீதித் தோட்டத்தில் பிட்டும் பாபத்தும் விற்ற நேனேயின் பேரப்பிள்ளைகளை யாராவது அறிந்திருந்தால், பெயரை இங்கே எழுதாமல் எனக்குத் தனியாக அறியத்தாருங்கள். உம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.